கதிரை என்பது இருப்பதற்கு

"பழைய தளபாடங்கள் புதுக்கித் தரப்படும்" என்று எழுதிய பலகைகளை யாழ்ப்பாணத்து வீதிகளில் காணும்போதெல்லாம் அந்தச் சொல்லில் என் கண் தடுக்கி நிற்கும். நெடுங்காலம் செய்தித்தாள் மேசையில் பிறர் எழுத்தைத் திருத்திப் பிழைத்தவனுக்கு வரும் நோய் இது. புதுக்குதல் என்றால் புதிதாக்குதல். எழுபது எண்பது ஆண்டு கண்ட கதிரையைப் புதிதாக்குவதென்றால், அந்த ஆண்டுகளைச் சுரண்டி எடுத்துக் குப்பையிற் கொட்டுவதென்றே பொருள். செப்பனிடுதல் வேறு. உடைந்ததைச் சேர்த்து, உக்கியதை மாற்றி, எஞ்சியதை எஞ்சியபடியே விடுவது அது. நல்ல உதவி ஆசிரியரின் வேலையும் ஏறத்தாழ இதுதான்.

சண்டிலிப்பாயில், கல்வளைப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் பூர்வீக வீடு. அதன் விறாந்தையில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த சாய்மனைக் கதிரையைச் சென்ற ஆண்டு செப்பனிடுவித்தோம். அதனையொட்டிச் சிலவற்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

தமிழகத்து அன்பர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நாம் கதிரை என்பது அவர்களது நாற்காலி. சாய்மனைக் கதிரை அவர்களது சாய்வு நாற்காலி. கதிரை போர்த்துக்கேயச் சொல். 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயரை 1658 இல் ஒல்லாந்தர் விரட்டினர். ஆனால் மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், விறாந்தை என்று அவர்களுடைய சொற்களை எவராலும் விரட்ட முடியவில்லை. திண்ணையிலும் பனையோலைப் பாயிலும் இருந்த சமூகத்துக்குக் கதிரை வந்தேறிய பொருள் என்பதை இச்சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. வந்தேறிய பொருள் எப்படி அதிகாரத்தின் பொருளாயிற்று என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

எங்கள் கதிரை முதிரை மரத்தாலானது. வன்னிக் காட்டு மரம். பட்டுத்துணியின் மினுக்கம் அதற்கு உண்டென்பதால் ஆங்கிலேயர் பட்டின் பெயரையே அதற்கு இட்டனர். முதுகும் ஆசனமும் பிரம்புப் பின்னல். கைகள் இரண்டும் நீண்டு, கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தக்கவை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, இதனை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் பார்த்தபோது கூரையில் ஓட்டை. ஒழுக்கு நீரில் பின்கால்கள் இரண்டும் அடியில் உக்கியிருந்தன. வலக்கையில் செல் துண்டொன்று கிழித்த வடு. பிரம்பு தொங்கிப்போயிருந்தது. அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுப் பழைய பத்திரிகைகளை அடுக்கிவைத்தார்கள். பத்திரிகைக்காரன் வீட்டுக் கதிரைக்கு அதுவும் பொருத்தமே.

2002 இல் ஏ9 பாதை திறந்தபோதும், 2009 இல் போர் முடிந்த பின்னரும், பழம்பொருள் வாங்குவோர் எங்கள் ஊர்களிலும் படலை தட்டினார்கள். ஆளில்லா வீடுகளின் தூண்களும் கதவுகளும் கதிரைகளும் தெற்கே போயின. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்ற நாளை எல்லையாக வைத்தே தொல்பொருளை வரையறுத்தது. கண்டி ஒப்பந்தத்தின் நாள் அது. ஒரு சாய்மனைக் கதிரை அதற்கு முந்தியதென்று நிறுவ எந்தச் சண்டிலிப்பாய்க்காரரால் முடியும்? ஆகவே நம் வீட்டுத் தளபாடங்களுக்குக் காவல் நாமேதான். விற்றவர்களை நான் குறைகூற மாட்டேன். பசித்த வீட்டில் முதிரை மரத்தைச் சமைக்க முடியாது. ஆனால் பசி இல்லாத வீடுகளிலிருந்தும் போயிருக்கிறது என்பதே என் மனக்குறை.

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, அதைத் தன்னிடம் அனுப்பிவிடும்படி கேட்டான். பாசத்தில் கேட்டதுதான். வேண்டாம் என்றேன். பண்பாட்டுப் பெறுமதியுள்ள பழம்பொருள்களைக் கடல் கடத்த 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது ஒரு புறமிருக்க, நம் ஈரக்காற்றில் வளர்ந்து, அறுபட்டு, பொருந்திய மரம் அது. கனடாவின் மாரியில் வெப்பமூட்டிய வீட்டுக்குள் காற்று வறண்டுபோகும். அங்கே மரம் சுருங்கும், பொருத்துகள் தளரும், பிரம்பு முறியும். வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் ஊர்க்கதிரையைத்தான் வைத்துக்கொள்வோம் என்றால், அறையின் ஈரப்பதத்தைக் கவனித்துக்கொள்ளட்டும், வெப்பமூட்டிக்கு அருகில் மட்டும் வைக்க வேண்டாம்.

வேலைக்கு வந்த தச்சர் அயலூர்க்காரர், எழுபதை நெருங்கியவர். முன்னர் பார்க்க வந்த இளைஞர் ஒருவர், இயந்திரத்தால் முழுவதையும் தேய்த்துப் பளபளக்கும் வார்னிஷ் பூசி, பிரம்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் இழை பின்னித் தருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று நாள் வேலையாம். இவரோ கதிரையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார், கவிழ்த்துப் பார்த்தார், பொருத்துகளை நகத்தால் தட்டினார். பிறகு, "அண்ணை, இதிலை கை வைக்க வேண்டியது கொஞ்சம்தான்" என்றார்.

பின்கால்களின் உக்கிய பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, இடிந்த அறையொன்றின் கதவு நிலையிலிருந்து எடுத்த முதிரைத் துண்டுகளைச் சாய்வாகப் பொருத்தினார். ஒரே வகை மரம், ஏறத்தாழ ஒரே வயது. பசைக்கு வச்சிரம். இன்றைய இரசாயனப் பசைகள் இதைவிட வலியவை என்பது உண்மை. ஆனால் வச்சிரத்தைச் சூடும் ஈரமும் கொடுத்து இளக்கலாம். நாளை இன்னொருவர் செப்பனிட வேண்டி வந்தால் மரத்தைப் பிளக்காமலே பிரித்தெடுக்க முடியும். நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்கென 1964 இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைய வேண்டும், ஆனால் பழையதாக நடிக்கக் கூடாது என்கிறது. எங்கள் தச்சர் அச்சாசனத்தைக் கேள்விப்பட்டவரல்லர். ஒட்டுத் தெரியட்டும், ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுதான் அவருடைய சாசனம்.

மேற்பூச்சுக்கு ஸ்பிரிற்றில் கரைத்த அரக்கு, துணிப்பொட்டலத்தால் மெல்ல மெல்ல. கைகளின் முனையில் பல தலைமுறை உள்ளங்கைகள் தேய்த்து உண்டாக்கிய வழுவழுப்பை அவர் தொடவே இல்லை. செல் வடுவை அடைப்பதா என்று கேட்டார். அது மரத்தின் வலுவைக் கெடுக்கவில்லை. ஆகவே, கையைக் கிழிக்காதபடி விளிம்பை மட்டும் தேய்க்கச் சொன்னோம். பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்துத் துளை துளையாகப் பின்னியதே நீண்ட வேலை. பின்னல் தளர்ந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் உலரவிடுங்கள், தானாக இறுகும் என்றும் சொல்லித் தந்தார்.

வேலை முடியுமுன்பே வீட்டில் ஒரு விவாதம் எழுந்தது. இதில் யாரும் இருக்க வேண்டாம், முன்னறையில் காட்சிக்கு வைப்போம் என்றனர் சிலர். கொழும்பில் ஒல்லாந்தர் கால நூதனசாலை இருக்கிறது, அங்கே அதுதான் முறை. வீடு நூதனசாலையன்று. இதில் என் உறுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு.

அந்தக் கதிரையில் என் பாட்டனார் ஒருவரே இருந்தார். பாட்டி ஒருநாளும் இருந்ததில்லை. வீட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் முற்றத்தில் நின்றார்கள், அல்லது நிலத்தில் இருந்தார்கள். இது எங்கள் வீட்டின் தனிக்கதையன்று. பள்ளிக்கூடங்களிலேயே ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கு வாங்கு மறுக்கப்பட்டது. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களுக்குச் சம ஆசனம் வழங்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் சாதிக்கு எதிராக நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முன்னோடியான ஹண்டி பேரின்பநாயகம், எங்கள் பக்கத்து ஊரான மானிப்பாயில் பிறந்தவர். வாங்கு மரம்தான். ஆனால் அதற்காக ஊர் எரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் யாரும் இருக்கக் கூடாத கதிரையொன்றைத் துடைத்து மினுக்கி முன்னறையில் வைப்பது, பாட்டனாரின் அதிகாரத்தையும் சேர்த்துச் செப்பனிடுவதாகும் என்பது என் துணிபு. எங்கள் ஊரில் வந்தவரை "இருங்கோ" என்றுதான் வரவேற்கிறோம். கதிரை செப்பமாயிற்றென்றால் அந்தச் சொல் எல்லாருக்கும் பொருந்தட்டும்.

வேலை முடிந்த அன்று தச்சரையே முதலில் இருக்கச் சொன்னோம். "ஐயாவின்ரை கதிரை" என்று தயங்கினார். இருந்து பாராமல் வேலை சரியென்று எப்படிச் சொல்வது என்று என் மனைவி கேட்டார். இருந்தார். சாய்ந்தார். கால்களைத் தூக்கிக் கைகளின்மேல் வைத்தார். சிறிது நேரம் கண்ணை மூடிக் கிடந்தவர், எழுந்து, இடப்பக்கப் பின்கால் ஒரு மயிரிழை உயரம் என்று சொல்லி உளியை எடுத்தார்.