குரலை நம்பி ஒரு தொழில்

பள்ளி விழாவைத் தொகுத்துரைத்துக் கைதட்டல் பெற்ற மகள், திரைப்படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கப் போவதாக ஒருநாள் அறிவிக்கும்போது பெற்றோர் திகைத்துப் போகின்றனர். கூடாதென்று தடுப்பதா? படிப்பை நிறுத்திச் சென்னைக்கு அனுப்புவதா? மூன்று மாதப் பயிற்சி, பின்னர் வாய்ப்பு உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்போரை நம்புவதா? இத்தொழில் எத்தகையது என்று அறியாமல் இவற்றுக்கு விடை காண இயலாது. ஆகவே, இம்மாதம் அதனைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

தமிழ்நாட்டிற்கு இது புதிய தொழிலன்று. 1943-இல் கன்னடத்தில் வெளிவந்த அரிச்சந்திரன் கதைப் படத்தை, மறு ஆண்டே தமிழ்க் குரல்களோடு வெளியிட்டார் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். அன்று தொட்டுத் தமிழ் பேச வராத நடிகையருக்கும், பிறமொழிப் படங்களுக்கும், பின்னாளில் இந்தித் தொடர்களுக்கும் சிறுவர் சித்திரப் படங்களுக்கும் திரையில் தோன்றாத யாரோ ஒருவர் பேசி வருகின்றார். ‘ராஜா ராணி’யில் (2013) நயன்தாராவுக்குப் பேசியவர் தீபா வெங்கட். ‘96’ படத்தில் (2018) திரிஷாவுக்குப் பேசியவர் சின்மயி. எம். எஸ். பாஸ்கரோ நகைச்சுவை நடிகராகப் பெயர் பெறுமுன்பே பிறமொழிப் படங்களுக்குத் தமிழ்க் குரல் தந்து வந்தவர். இம்மூவரையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் சின்னத்திரை நடிகை, ஒருவர் பாடகி, ஒருவர் நாடக மேடை கண்டவர். குரலினிமை ஒன்றையே முதலாகக் கொண்டு வந்தவர் இவர்களில் எவருமிலர். ‘உன் குரல் தேன்போல் இருக்கிறது’ என்று உற்றார் புகழ்வது இத்தொழிலுக்குத் தகுதிச் சான்றாகாது. இங்கே வேண்டுவது நடிப்பு. முகமும் கைகளும் உதவிக்கு வாராத நடிப்பு.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பது இதுதான். இருண்ட அறை, எதிரே திரை, காதில் ஒலி கேட்கும் கருவி, முன்னே மைக். படப்பிடிப்பின்போது நடிகர் பேசியது காதில் ஒலிக்க, திரையில் அவர் உதடு பிரியும் கணத்தில் தொடங்கி, மூடும் கணத்தில் முடிக்க வேண்டும். படச்சுருள் காலத்தில் ஒரு காட்சியில் பேசுவோர் அனைவரும் ஒரே மைக்கைச் சூழ்ந்து நிற்பர். கடைசி வரியில் ஒருவர் தடுமாறினாலும் எல்லோரும் முதலிலிருந்து பேசியாக வேண்டும். இன்று கணிப்பொறி வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து பேசிச் செல்கின்றனர். தவறு திருத்த எளிது. ஆயினும், எதிரில் ஆளில்லாமல் சண்டையிடவும் அழவும் பழக வேண்டியிருப்பது புதிய சுமை.

உதட்டசைவு என்பது விளையாட்டன்று. ப, ம ஆகிய ஒலிகளுக்கு இதழிரண்டும் ஒட்டியாக வேண்டும். 341-ஆம் குறளை உரக்கச் சொல்லிப் பாருங்கள். இதழ்கள் ஒருமுறையேனும் ஒட்டா! தெலுங்கு நடிகர் திரையில் வாயை மூடும் இடத்தில் தமிழ் வசனத்திலும் ஒரு பகரமோ மகரமோ வந்து விழ வேண்டும்; இல்லையேல் பார்ப்பவர்க்கு ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும். வசனம் எழுதுபவர் இதனைக் கருதியே எழுதுகிறார். ஆனால் எழுதியது பொருந்தாதபோது, பொருள் கெடாமல் அங்கேயே சொல்லை மாற்றித் தரும் கலைஞரைத்தான் மீண்டும் அழைப்பர். தமிழில் சொல்வளம் இல்லாதவர் இவ்விடத்தில் திணறிப் போவர். ல, ள, ழ வேறுபாடு நாவில் நில்லாதவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்குப் பழக வீட்டிலேயே வழியுண்டு. நாள்தோறும் கால்மணி நேரம் நாளிதழை உரக்கப் படித்துக் கைபேசியில் பதிவு செய்து கேட்கலாம். துணிகள் நிறைந்த அலமாரியின் முன் நின்று பேசினால் எதிரொலி குறையும். பகர ஒலியின் காற்று மைக்கில் மோதாதபடி சற்றே பக்கவாட்டில் நின்று பேசப் பழகுவது நலம். கத்தும் காட்சிகளைப் பயிற்சியின் இறுதியில் வைத்துக்கொள்க. தொண்டைக் கட்டு மூன்று வாரத்திற்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் காட்டுக. பார்வையற்ற மாணவர்க்காகப் பாடநூல்களைப் படித்துப் பதிவு செய்து தருவதும் மிகச் சிறந்த பயிற்சி. ஒரு நூல் முழுவதையும் தொனி குன்றாமல் படித்து முடிப்பவர்க்கு மூச்சின் அருமை தெரிந்துவிடும். அகில இந்திய வானொலி நிலையங்கள் நாடகத்திற்குக் குரல் தேர்வு அறிவிக்கும்போது விண்ணப்பிக்கலாம். சென்னை நிலையம் 1938 முதலும், திருச்சி நிலையம் 1939 முதலும் எத்தனையோ குரல்களை உருவாக்கியவை.

திரைத்துறையில் நுழைவு எப்படி? பெரும்பாலும் கூட்டத்துக் குரலாகத்தான். சந்தையில் இரைச்சலிடும் பத்துப் பேரில் ஒருவர், ‘ஐயா, தந்தி!’ என்னும் ஒற்றை வரி. இவ்வாறு தொடங்கி, ஒருங்கிணைப்பாளர் பெயரை நினைவில் கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். அது மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். படங்களிலும் தொடர்களிலும் தொடர்ந்து பணிபுரியச் சென்னையிலுள்ள கலைஞர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை கேட்கப்படுவது வழக்கம். அதற்குரிய கட்டணத்தையும் விதிகளையும் சங்க அலுவலகத்தில் நேரில் கேட்டறிக. இடைத்தரகர் வாயிலாக வேண்டாம். பயிற்சி தருவோரில் நல்லவர் உண்டு. ஆனால் வாய்ப்பை எவரும் உறுதி கூற முடியாது. கூறினால் அதுவே எச்சரிக்கை. படிப்பை நிறுத்திவிட்டு வரச் சொல்லும் அளவுக்கு இத்தொழில் எவரையும் அவசரப்படுத்துவதில்லை. பட்டம் பெற்று, வேறொரு வருவாயோடு முதல் சில ஆண்டுகளைக் கடப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. பெண் பிள்ளையானால் முதல் சில நாள்கள் வீட்டார் ஒருவர் துணை செல்வதில் வெட்கமில்லை.

முன்னாளில் இல்லாத ஓர் இடர் இன்று உண்டு. சிறிதளவு பதிவைக் கொண்டே ஒருவர் குரலைக் கணிப்பொறி போலச் செய்துவிடுகிறது. 2024-இல் ‘லால் சலாம்’ படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார் ஏ. ஆர். ரகுமான். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் அளித்ததாக அவரே தெரிவித்தார். எல்லோரும் அப்படிக் கேட்டுச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. குரல் தேர்வு என்ற பெயரில் மணிக்கணக்கில் வாக்கியங்களைப் படித்து அனுப்பச் சொன்னால், எதற்காக என்று வினவுக. ஒப்பந்தத்தில் எந்தப் படத்திற்கு, எத்தனை காலத்திற்கு, கணிப்பொறிக்குக் கற்பிக்க உரிமையுண்டா இல்லையா என்பன எழுத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால், கையொப்பமிடுமுன் அறிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படித்துப் பொருள் கேளுங்கள். ஒரு படி வீட்டிலும் இருக்கட்டும்.