பத்து பர்சென்ட் கூட்டாளி

நாலு பேர் சேர்ந்து ஒரு தொழில் தொடங்குகிறீர்கள். பங்கு பற்றி எதுவும் பேசி முடிவு செய்யவில்லை. லாபத்தை எப்படிப் பிரிப்பது? 'இதுல என்ன சந்தேகம்? சமமாத்தான்' என்பீர்கள். பிரிட்டனின் 1890-ம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. இந்தச் சின்ன விஷயம் இரண்டு பெரிய கலைஞர்களுக்குப் புரியாமல் போனது!

'தி ஸ்மித்ஸ்' 1982-ல் மான்செஸ்டரில் உருவான ராக் குழு. மோரிஸி பாட்டு எழுதிப் பாடுவார். ஜானி மார் மெட்டுப் போட்டு கிடார் வாசிப்பார். ஆண்டி ரூர்க் பேஸ் கிடார். மைக் ஜாய்ஸ் டிரம்ஸ். 'ரஃப் டிரேட்' என்ற சுயேச்சை கம்பெனி மூலம் 1984 முதல் 87 வரை நாலே ஸ்டூடியோ ஆல்பங்கள். இரண்டாவது ஆல்பம் பிரிட்டனில் நம்பர் ஒன். 87-லேயே குழு உடைந்தது.

பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. ரெக்கார்டு, கச்சேரி வருமானத்தில் மோரிஸிக்கும் மாருக்கும் தலா 40 சதவிகிதம். மற்ற இருவருக்கும் தலா 10. பாட்டு எழுதியதற்கான ராயல்டி தனி. அது முழுக்க முதல் இருவருக்குத்தான். ஜாய்ஸ் வழக்கில் அதைக் கேட்கவும் இல்லை. வாசித்ததற்கு உரிய கால் பங்கைத்தான் கேட்டார்.

1996-ல் கோர்ட் கொடுக்கச் சொன்னது. சுமார் பத்து லட்சம் பவுண்ட்! மோரிஸி நம்பத்தகாதவர் என்று நீதிபதி தீர்ப்பிலேயே சொன்னார். மோரிஸி அப்பீலுக்குப் போனார். 1998-ல் அங்கேயும் தோல்வி.

'டிரம்ஸ் அடிக்க ஆயிரம் பேர் கிடைப்பாங்க, மோரிஸி கிடைப்பாரா?' என்று ரசிகர்கள் இன்னமும் கேட்கிறார்கள். சரி சாமி, அப்படியானால் அந்த ஆயிரத்தில் ஒருவரை நாள் சம்பளம் பேசி வைத்திருக்கலாமே? மேடைக்கு நாலு பேர் வேண்டும், போட்டோவுக்கு நாலு பேர் வேண்டும், கல்லாப்பெட்டிக்கு மட்டும் ரெண்டு பேர் போதுமா? 'பார்பரிஸம் பிகின்ஸ் அட் ஹோம்' பாட்டில் ரூர்க்கின் பேஸை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அது பத்து பர்சென்ட்டா?

பங்கைப் பற்றி வாய்திறக்காமல் இருப்பதற்குப் பெயர் நட்பு இல்லை. மேலே இருப்பவருக்கு அது வசதி, அவ்வளவுதான்.

கடனில் இருந்த ரூர்க், தீர்ப்பு வரும்வரை தாக்குப்பிடிக்கவில்லை. 83 ஆயிரம் பவுண்டுக்கும் அதே பத்து சதவிகிதத்துக்கும் முன்பே சமரசமாகிவிட்டார். 2023-ல், 59 வயதில், புற்றுநோயில் இறந்துபோனார். ஜாய்ஸுக்குக் கிடைத்த கால் பங்கு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. காத்திருக்கத்தான் காசு இல்லை.