சுத்தம் செய்ததா, செதுக்கியதா?

என் நாணயப் பெட்டியில் ஒரு வெண்கலக் காசு இருக்கிறது. இன்றைய துருக்கியிலுள்ள எபேசு நகரம் ரோமானியர் ஆட்சியில் அடித்தது. ஒரு பக்கம் பேரரசர் காரகல்லாவின் தலை, மறுபக்கம் இரண்டு மான்களுக்கு நடுவே ஆர்ட்டெமிஸ் தேவி. ஓய்வு பெற்ற புதிதில் வியாபாரி கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன். "நல்லா சுத்தம் செஞ்ச காசு சார்" என்றார். அந்த 'சுத்தம்' என்ற சொல்லின் மேல்தான் எனக்குக் கோபம்.

ரோமப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான நகரங்கள் தங்கள் பெயரிலேயே காசு அடித்தன. எழுத்து பெரும்பாலும் கிரேக்கம். பேரரசருக்குக் கோயில் கட்டும் உரிமை பெற்ற நகரம் தன்னைக் 'கோயில் காவலர்' என்று பொறித்துக்கொள்ளும். எபேசு அந்தப் பட்டத்தை இரண்டாம் முறை பெற்றபின் பீட்டா எழுத்தையும், காரகல்லா காலத்தில் மூன்றாம் முறை பெற்றபின் காமா எழுத்தையும் சேர்த்துக்கொண்டது. கிரேக்கத்தில் அவை 2, 3 என்ற எண்கள். என் காசில் காமா பளிச்சென்று தெரிந்தது. நண்பர்களிடம் அதைக் காட்டி அரை மணி நேரம் பேசினேன்.

பிறகு ஒருநாள் மேசை விளக்கைச் சாய்த்து, பத்து மடங்கு லூப் வழியாகப் பார்த்தேன். அரசரின் கன்னமும் காதும் மழுங்கியிருக்க, முடி மட்டும் நேற்று சீவியதுபோல் இருந்தது. தேய்மானம் அப்படி ஆள் பார்த்து வராது. அச்சில் அடித்த எழுத்து தளத்திலிருந்து மெல்ல எழும்பி நிற்கும். என் காமாவைச் சுற்றியோ தளம் பள்ளமாகி, ஓரங்கள் செங்குத்தாக வெட்டப்பட்டு, மெல்லிய கீறல்கள் ஓடின. பச்சைக் களிம்பும் அங்கே அறுந்து, நிறம் பூசி மறைத்திருந்தது. உருத்தெரியாத ஒரு மேட்டை யாரோ சிற்றுளியால் எழுத்தாக்கியிருக்கிறார். அது பீட்டாவாகவும் இருந்திருக்கலாம். நான் பேசிய அரை மணி நேரமும் பொய்! அடுத்த சந்திப்பில் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.

"அழகுக்காகத்தானே, எல்லோரும் செய்வதுதானே" என்பார்கள். மண்ணை அகற்றுவது சுத்தம். உலோகத்தை வெட்டி இல்லாததை உண்டாக்குவது மோசடி. மாகாணக் காசுகளில் சில வகைகள் உலகத்திலேயே நாலைந்துதான் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் செதுக்கினால் ஒரு நகரத்தின் வரலாற்றுச் சாட்சியைத் திருத்தியதாகும். கல்வெட்டில் ஆண்டை மாற்றி வெட்டினால் சும்மா இருப்போமா?

பழைய தழும்பு எல்லாம் குற்றம் என்று நான் சொல்லவில்லை. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசரின் தலைமேல் வெட்டு உண்டு. அது அந்தக் காலத்து வெட்டு, அதுவே வரலாறு. மாகாணக் காசுகளின் நடுவிலுள்ள சிறு குழியும், பின்னாளில் குத்திய முத்திரையும் அப்படித்தான். அவை யாரையும் ஏமாற்றுவதில்லை.

வாங்குமுன் அதே அச்சில் அடித்த வேறொரு காசின் படத்தைத் தேடி ஒப்பிடுங்கள். ரோம மாகாணக் காசுகளின் பெரிய தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படத்தில் இல்லாத கோடு உங்கள் காசில் இருந்தால் உளியைச் சந்தேகியுங்கள். எடை போட்டுப் பயனில்லை. செதுக்கலில் போகும் உலோகம் மிகச் சொற்பம்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செதுக்கியதைச் 'செதுக்கியது' என்றே எழுதி விலை சொல்லுங்கள்.

என் காசை நான் விற்கவில்லை. அதன் உறையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: 'முடியும் காமா எழுத்தும் பிற்காலத்தில் செதுக்கப்பட்டவை. நம்ப வேண்டாம்.' எனக்குப் பின் இந்தப் பெட்டி என் பிள்ளைகள் கைக்குப் போகும். விவரம் தெரியாமல் அவர்கள் இன்னொருவரை ஏமாற்றிவிடக் கூடாது. உங்கள் பெட்டியிலும் அப்படி ஒன்று இருந்தால், இன்றே ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.