ஒரே ஒரு போட்டோ தானே?

தெற்கு கலிபோர்னியாவில் லேக் எல்சினோர் என்று ஒரு ஊர். அங்கே இருக்கும் ஏரியின் பெயர்தான் ஊருக்கும். பக்கத்திலேயே வாக்கர் கேன்யன் என்று மலைச்சரிவு. குளிர்கால மழை நன்றாகப் பெய்த வருஷங்களில், மார்ச் மாதம் சரிவு முழுக்க ஆரஞ்சு நிற பாப்பி பூத்துக் கிடக்கும்.

2019-ல் அப்படித்தான் பூத்தது. அறுபதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊருக்குள், ஒரே வாரக்கடைசியில் பல பத்தாயிரம் பேர் வந்து இறங்கினார்கள். ரோடெல்லாம் ஸ்தம்பித்து, நகர நிர்வாகம் வழியை மூடியது. 2023-ல் இன்னும் உஷார். பிப்ரவரியிலேயே "யாரும் வராதீங்க" என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

எல்லாரும் இன்ஸ்டாகிராமைத் திட்டினார்கள். திட்டுவது சுலபம் பாருங்க! போன் யாரையும் கையைப் பிடித்துப் பூவுக்குள் இழுத்துப் போகவில்லை. பத்து பேராக நடக்கப் போனால் அதில் ஒருத்தர் பாதையை விட்டு இறங்குவார். "ஒரே ஒரு போட்டோ தானே?" மற்ற ஒன்பது பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள், எதற்கு வம்பு என்று. செடி மடிந்து ஒரு தடம் விழும். பின்னால் வருகிற கும்பல் அதையே வழி என்று நினைத்து உள்ளே போகும். அப்புறம் அது நிஜமாகவே வழியாகிவிடும்.

"எப்படியும் வாடப் போகிற பூ தானே?" என்று ஒரு வாதம் வேறு. வாடும்தான். ஆனால் விதை விட்டுவிட்டு வாட வேண்டாமா? அந்த வறண்ட பகுதியில் பாப்பி பெரும்பாலும் ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதைத்து முடிந்துபோகும் செடி. விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் நல்ல மழைக்குக் காத்துக் கிடக்கும். காமர்ஸ் மக்களே, மண்ணில் இருக்கும் விதைதான் முதல், பூ அதன் வட்டி. பூவை மிதித்தால் அந்த வருஷத்து டெபாசிட் போச்சு. கூட்டம் மிதித்து மண் இறுகிவிட்டால் முதலுக்கே ஆபத்து.

அதற்காக மலையையே பூட்டுவதா? கேட்க வேண்டிய கேள்விதான். லங்காஸ்டர் பக்கம் ஆன்டிலோப் வேலியில் மாநில அரசின் பாப்பி காப்பகம் இருக்கிறது. அங்கே பாதை உண்டு, பாதையை விட்டு இறங்கக் கூடாது என்ற விதியும் உண்டு. 2023-ல் அது திறந்தே இருந்தது. வாக்கர் கேன்யனில் அவ்வளவு கூட்டத்துக்கு வண்டி நிறுத்தப் போதுமான இடம் கிடையாது. அந்த ஊரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பூட்டுக்குக் காரணம் அந்தப் பத்தாவது ஆளும், பேசாமல் நின்ற ஒன்பது பேரும்தான்.

பி.கு: பாப்பி ராத்திரியிலும் மேகமூட்டத்திலும் இதழை மூடிக்கொள்ளும். வெயில் ஏறும்வரை பொறுத்தால், பாதையில் நின்றே முழுச் சரிவையும் பார்க்கலாம் :-)