விண்டோஸ் மாறியது, கணக்கு எங்கே?

நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு முட்டை ஏஜென்சி என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாக ஒரே கம்ப்யூட்டர். தினசரி முட்டை விலை, லாரி வாடகை, யார் எவ்வளவு பாக்கி... எல்லாம் அதில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டதால், சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு விண்டோஸ் 11 போடுகிறார்கள். மறுநாள் காலை திறந்து பார்த்தால் டெஸ்க்டாப் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது!

"ஏம்ப்பா, பாக்கி லிஸ்ட் எங்கப்பா போச்சு?"

"நேத்து வரைக்கும் இங்கதானுங்க இருந்துச்சு!"

அவ்வளவுதான். திட்டு முழுவதும் கணக்கு எழுதும் பையன் தலையில். "உனக்குக் கம்ப்யூட்டரே தெரியல" என்று ஒரே வரியில் தீர்ப்பு. இது நியாயமா? வீடு மாற்றும்போது சாமான்களை ஏற்றி இறக்கியவர்தான் எதை எங்கே வைத்தேன் என்று சொல்ல வேண்டும். சாமானுக்குச் சொந்தக்காரரையே தேடச் சொன்னால் எப்படி?

முதலில் ஒரு ஆறுதல். இப்படிக் காணாமல் போகும் ஃபைல்களில் பலவும் அழிந்திருக்காது, இடம்தான் மாறியிருக்கும். பழைய விண்டோஸை அழிக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'யூசர்ஸ்', அதற்குள் பழைய பயனர் பெயர் என்று போனால் பழைய டாக்குமெண்ட்ஸ் அப்படியே கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அதற்கு ஆயுள் பத்து நாள்தான். பிறகு விண்டோஸே அதைத் தானாக அழித்துவிடும். பத்து நாள் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது தேடினால் பயனில்லை.

புதிய பயனர் கணக்கு உருவாகியிருந்தால் டெஸ்க்டாப் காலியாகத்தான் தெரியும். பழையவை பழைய பெயரில் உள்ள ஃபோல்டரிலேயே இருக்கும். ஒன்டிரைவ் இயங்கினால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டும் அதன் ஃபோல்டருக்குள் நகர்ந்திருக்கலாம். தேடல் பெட்டியில் கிடைக்கவில்லை என்பதால் ஃபைல் இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது. மேம்படுத்திய பிறகு அந்தத் தேடல் அட்டவணை மறுபடி தயாராகக் கொஞ்சம் நேரமாகும். டிரைவையே ஃபார்மட் செய்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது எதையும் புதிதாகப் பதியாமல் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, மீட்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் ஒரே வழி.

டேலியில் இன்னொரு சிக்கல். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் ஃபோல்டர் வராது. ஏனென்றால் டேலி அதற்கு 10000 என்பது போல வெறும் எண்ணைத்தான் பெயராக வைக்கிறது. புதிதாக நிறுவிய டேலிக்கு, பழைய தரவு இருக்கும் இடத்தை நாம் காட்டினால்தான் கம்பெனி தெரியும். வவுச்சர் போடச் சொல்லித் தரும் இடங்களில் இதையும் முதல் நாளே சொல்லித் தர வேண்டும்.

தமிழில் கடிதம் அடிப்பவர்களுக்கு இன்னும் ஒரு தொல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்களுக்கு அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். புதிதாக விண்டோஸ் போடும்போது அது போய்விட்டால், திறந்தவுடன் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவியலாகத் தெரியும். யூனிகோடில் 'முட்டை' என்று தேடினாலும் அந்த ஃபைல் சிக்காது. தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் பழைய எழுத்துருவில் அடித்தவை தாமாக மாறிவிடாதே! ஃபைல் கையில் இருந்தும் படிக்க முடியாவிட்டால் அது தொலைந்த கணக்குதான்.

"ஒழுங்கா வச்சிருந்தா ஏன் காணாம போகுது?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு 2018 அக்டோபர் ஞாபகமிருக்கட்டும். அந்த மாதம் வந்த விண்டோஸ் 10 அப்டேட், டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலருடைய பழைய ஃபோல்டரை, உள்ளே ஃபைல்கள் இருக்கும்போதே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அப்டேட்டை நிறுத்தி, சரிசெய்து நவம்பரில் மறுபடி வெளியிட்டது. பாதிப்பைச் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான் என்றும் கணக்குச் சொன்னது. ஆனால் அந்த ஒருவருக்கு நஷ்டம் நூற்றுக்கு நூறு அல்லவா?

சட்டமும் இதற்கெல்லாம் இரக்கம் காட்டாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்பெனியாக இருந்தால் 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டுகள். "விண்டோஸ் மாத்தினோம், போயிடுச்சுங்க" என்றால் எந்த அதிகாரி கேட்பார்?

வழி ஒன்றும் பெரிய வித்தையில்லை. பண்ணையில் முட்டை ஏற்றும்போது எத்தனை அட்டை என்று எண்ணித்தான் ஏற்றுகிறார்கள். இறக்கும் இடத்தில் மறுபடி எண்ணி, கையெழுத்து வாங்குகிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான் வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் டேலி ஃபோல்டர், எக்ஸெல் ஃபைல்கள், தமிழ் எழுத்துருக்கள், மெயில் என்று ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுக்க வேண்டும். மாற்றிய பிறகு அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். டேலியில் பழைய பாக்கி வருகிறதா? தமிழ்க் கடிதம் தமிழில் தெரிகிறதா? இரண்டும் சரியாக இருந்தால்தான் சர்வீஸ்காரருக்குப் பணம்.

எண்ணாமல் ஏற்றிய லோடுக்கு யார் பொறுப்பு என்று நாமக்கல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கணக்குப் பையனை மட்டும் இனி திட்டாதீர்கள்!