இரவல் கொடுக்க ஒரு கத்தி

தைப்பூசத்திற்கு முந்தைய இரவில், சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்தில் காவடி கட்டுவோர் நடுவே நின்றவர்கள் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள்: "அண்ணே, கத்தி இருக்குமா?" காவடி எடுப்பவருக்குத் துணையாகக் குடும்பமே திரண்டு வந்திருக்கும். எலுமிச்சம்பழம், விபூதி, மயிற்பீலி, பால்குடத்தின் வாயைக் கட்ட மஞ்சள் துணி, தண்ணீர்ப் புட்டிகள் என ஒன்றையும் மறந்திருக்க மாட்டார்கள். நைலான் கயிற்றின் நுனியை அறுக்க ஒரு கத்தி மட்டும் இருக்காது. பல்லால் கடித்துப் பார்ப்பார்கள். வீட்டுச் சாவியால் தேய்த்துப் பார்ப்பார்கள். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் வருவார்கள்.

ஆண்டுதோறும் உறவினர் ஒருவரின் காவடிக்குத் துணையாகச் செல்பவன் நான். அன்றிரவு என் பையில் இரண்டு மடக்குக் கத்திகள் இருக்கும். ஒன்று என் வேலைக்கு, மற்றொன்று கேட்பவருக்கு. "வாத்தியாருக்கு இரண்டு கத்தி எதற்கு?" என்று வீட்டில் கேலி செய்வார்கள். காரணம் எளியது. இரவல் போன கத்தி ஓரிடத்தில் நிற்பதில்லை. வாங்கியவர் தம் கயிற்றை அறுத்ததும் அடுத்த குடும்பம் கேட்கும். அங்கிருந்து அதற்கடுத்த குடும்பத்திற்குப் போகும். அரைமணி நேரம் கழித்து, முன்பின் அறியாத ஒருவர் கையில் அது திரும்பி வரும். அதற்குள் நம் காவடியில் ஒரு முடிச்சு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதுவரை படித்தவர்கள் என்னை முன்யோசனைக்காரன் என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வளவு அழகாக இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல். வார இறுதித் தமிழ் வகுப்பில் விழா ஏற்பாடு. பெற்றோர் சிலர் தேக்காவிலிருந்து கரும்பும் மாவிலையும் வாங்கி வந்திருந்தனர். தோரணம் கட்டவும் கரும்பைத் துண்டாக்கவும் ஒரு மாணவனின் தாயார் என்னிடம் கத்தி கேட்டார். அந்நாளிலும் என்னிடம் இரண்டு இருந்தன. சாணை பிடித்த நல்ல கத்தி சட்டைப்பையில். "கேட்பவர்களுக்கு இது போதும்" என்று ஒதுக்கிவைத்த மலிவான காகிதம் வெட்டும் கத்தி மேசை இழுப்பறையில். இழுப்பறையிலிருந்ததைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மழுங்கிய அலகு கரும்பின் கணுவில் இறங்கவில்லை. அவர் அழுத்தினார். அலகு ஒடிந்து ஆள்காட்டி விரலைக் கிழித்தது. இரண்டு தையல். "பரவாயில்லை சார், நான்தான் கவனமில்லாமல் இருந்துவிட்டேன்" என்று அவர் என்னைத் தேற்றினார். என் சட்டைப்பையில் நல்ல கத்தி இருந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கருத்து இதுதான்: இரவல் கொடுப்பதற்கென வைத்திருக்கும் கத்தி, நாம் பயன்படுத்தும் கத்தியைவிடத் தாழ்ந்ததாக இருக்கக் கூடாது. சொல்லப்போனால் சற்று மேலானதாக இருக்க வேண்டும். நம் கத்தியின் குணம் நமக்குப் பழக்கம். வாங்குபவருக்கு அது புதிய பொருள். அவசரத்தில் இருக்கிறார், இருட்டில் இருக்கலாம், ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பழக்கமில்லாதவர் கையில் பழுதான கருவியைக் கொடுப்பதைக் கொடை என்று எப்படிச் சொல்வது?

மழுங்கிய கத்தியால் ஆபத்தில்லை என்னும் எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதுகூட மழுங்கியதாகப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். கூரான கத்தி சிறிய விசையில் வெட்டுகிறது. வழி தவறினாலும் அதன் பின்னால் பெரிய விசை இல்லை. மழுங்கியதற்கோ உடல் பாரத்தையே கொடுக்க வேண்டியிருக்கிறது. வழுக்கும்போது அந்தப் பாரம் முழுவதும் கைக்குப் போகிறது. அதிலும் சிங்கப்பூரில் நாம் 'பென்னைஃப்' என்று சொல்வது பெரும்பாலும் மடக்குக் கத்தியையே அன்று; ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் அலகுடைய கத்தியை. 1956இல் ஜப்பானில் ஒக்காடா யோஷியோ என்பவர் உருவாக்கிய அமைப்பு அது. உடைந்த கண்ணாடித் துண்டின் கூர்மையும் சாக்லேட் கட்டியில் உள்ள ஒடிப்புக் கோடுகளும் சேர்ந்து அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தன. ஒடிய வேண்டும் என்றே செய்யப்பட்ட அலகு அது. காகிதத்திற்கு உகந்தது, கரும்பின் கணுவுக்கு அன்று.

பேனாக்கத்தி என்னும் பெயரே எழுதுபவரோடு சேர்ந்தது. ஐரோப்பியர் இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த சிறு கத்திதான் பிறகு சட்டைப்பைக் கத்தி ஆயிற்று. நம்மிடமும் அதற்கு இணையான ஒன்று இருந்தது என்பதை மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் கண்கள் விரிகின்றன. மடக்கெழுத்தாணி! ஒரு பக்கம் எழுத ஆணி, மறுபக்கம் ஓலையை நறுக்கவும் வாரவும் சிறு கத்தி. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும். உ.வே.சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் எழுத்தாணி வகைகளைப் பற்றி எழுதும்போது இதனையும் குறிப்பிடுகிறார். தமிழ் படிக்கப் போன பிள்ளையிடம் கத்தியும் இருந்தது. அது இல்லாமல் ஏடு ஆயத்தமாகாது. அந்த ஏடுகளும் இரவலில் வாழ்ந்தவையே. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டியதால்தான் ஐயர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். ஊர் ஊராக ஏடுகளைத் தேடி வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, 1887இல் அச்சிட்டார். ஏடு வைத்திருந்தவர்கள், "இருப்பதில் செல்லரித்ததைக் கொடுத்தனுப்பு" என்று நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? (சிலர் கொடுக்கவே மறுத்தார்கள் என்பது வேறு கதை.)

கொடுக்கும் முறைக்கு வருகிறேன். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கீழே வை, அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று என் பாட்டி சொல்வார். கொடுத்தால் சண்டை வரும் என்பது அவர் சொன்ன காரணம். விளக்கு வைத்தபின் ஊசி இரவல் கொடுக்கக் கூடாது என்பதும் அதே வகையைச் சேர்ந்தது. ஒருமுறை பணியிலிருந்து விடைபெற்ற சீன ஆசிரியை ஒருவருக்கு மடக்குக் கத்தி ஒன்றைப் பரிசளித்தேன். அவர் உடனே பணப்பையைத் திறந்து பத்துக் காசை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கத்தியைப் பரிசாகப் பெற்றால் நட்பு அறுந்துவிடுமாம். விலை கொடுத்து வாங்கியதாக ஆக்கிவிட்டால் தோஷமில்லையாம். எனக்கு இந்த நம்பிக்கைகள்மீது கோபமில்லை. கத்தி கைமாறும் அந்த நொடியில் இருவரும் நின்று கவனிக்கும்படி செய்கின்றன அல்லவா? நான் மாணவர்களுக்குச் சொல்வது: மடக்கிக் கொடு, மடக்க முடியாததானால் பிடியை அவர் பக்கம் திருப்பு, "பிடித்துக்கொண்டேன்" என்று அவர் சொல்லும் வரை விடாதே. திருப்பித் தரும்போது துடைத்து, மடக்கித் தர வேண்டும்.

இனி, இவ்வூரில் யாரும் தவிர்க்க முடியாத பகுதி. சிங்கப்பூரில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதமாகக் கருதத்தக்க பொருளை வைத்திருப்பது குற்றம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இது கடுமையான விஷயம். சிறையும் பிரம்படியும் உண்டு. பொத்தானை அழுத்தினால் அலகு பாயும் கத்திகளின் பக்கமே போகக் கூடாது. காவல் அதிகாரி ஒருவர் தேக்காவில் என் பையைத் திறந்து பார்த்தால், ஒரு கத்திக்கு என்னால் காரணம் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, "யாராவது கேட்டால் கொடுக்க" என்று சொன்னால் அவர் என்னை எப்படிப் பார்ப்பார்? கருத்துச் சொல்லும் உற்சாகத்தில் இதனை மறைக்க நான் விரும்பவில்லை. ஆகையால் எப்போதும் இரண்டு கத்தியுடன் திரியுங்கள் என்று நான் எவருக்கும் சொல்லவில்லை. தைப்பூச இரவு, பொங்கல் தோரணம் என வேலை இருக்கும் நாளில் மட்டும் கயிறு, கத்தரிக்கோல், ஒட்டுநாடா ஆகியவற்றோடு கருவிப்பெட்டியில் அவை வரும். வேலை முடிந்தால் நேராக வீட்டுக்குப் போகும். சட்டைப்பைப் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

பள்ளியிலோ நிலைமை இன்னும் நுட்பமானது. 2021 ஜூலையில் இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் கோடரியால் ஒரு மாணவன் உயிரிழந்த துயரத்திற்குப் பிறகு, பென்சில் பெட்டியில் கத்தி வேண்டாம் என்று சொல்லும் பள்ளியோடு வாதிட எனக்கு மனம் வருவதில்லை. அந்த விதி இருக்கட்டும். ஆனால் பள்ளியில் தடை என்பதால் வீட்டிலும் பிள்ளை கத்தியைத் தொடாமலே வளர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினைந்து வயது மாணவன் மாவிலைக் காம்பைக் கிள்ளத் தெரியாமல் நிற்கிறான். கத்தியைக் கொடுத்தால் முனையைத் தோழியின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு பேசுகிறான். தீய எண்ணம் இல்லை, யாரும் கற்றுத்தரவில்லை. கைபேசியைக் கொடுக்கத் தயங்காத நாம் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கக் கொடுக்கத் தயங்குகிறோம்.

என்னுடைய இப்போதைய இரவல் கத்தி, பிரான்சு நாட்டின் ஒப்பினெல் வகை. 1890இல் சவாய் மலைப்பகுதியில் தோன்றிய எளிய மரப்பிடிக் கத்தி. 1955இல் அதில் ஒரு வளையப் பூட்டைச் சேர்த்தார்கள். திருகினால் அலகு விரல்மீது மடங்காது. சிறுவர்களுக்கென முனை உருண்டையாக்கப்பட்ட ஒன்றும் உண்டு, அதைத்தான் வாங்கினேன். குத்தாது, ஆனால் நன்றாக வெட்டும். என்னுடையதைச் சாணைக்கல்லில் தீட்டும் நாளில் அதையும் தீட்டுகிறேன், முதலில் அதை.

வரும் பொங்கலுக்குத் தோரணம் கட்ட வகுப்புக்கு வரவிருக்கும் பெற்றோர் வீட்டிலிருந்து கத்தி கொண்டுவர வேண்டாம். கருவிப்பெட்டியை நானே கொண்டுவருகிறேன். உங்கள் பிள்ளை வீட்டில் எதையெல்லாம் நறுக்கிப் பழகியிருக்கிறான் அல்லது பழகியிருக்கிறாள் என்பதை மட்டும் முன்கூட்டியே ஒரு வரி எழுதித் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.