ஆணையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்: முன்னாள் ராணுவ வீரர்களின் மனைவியருக்குக் குடும்ப ஓய்வூதியம் தாமதமாவது ஏன்?

வடமாலபேட்டை (திருப்பதி): ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் காலமானால், அவரது ஓய்வூதியம் அன்றோடு நின்றுவிடுகிறது. மறுநாள் முதல் அவரது மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வழங்கப்பட வேண்டும் என்பது விதி. நடைமுறையில், கணவரின் ஓய்வூதியம் நிற்கும் வேகத்தில் மனைவியின் ஓய்வூதியம் தொடங்குவதில்லை. ரேணிகுண்டாவுக்கும் புத்தூருக்கும் இடையே, சென்னை நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வடமாலபேட்டை போன்ற ஊர்களில் வாழும் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் இதே நிலைதான்.

இழப்பு எப்போது நேர்கிறது என்பதைப் பொறுத்து அரசின் கவனமும் மாறுகிறது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நிகழ்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்துடன் உயிரிழந்தவர்களில், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் எகுவரேகடா கிராமத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் சாய் தேஜாவும் ஒருவர். ஆந்திர அரசு அவரது குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் அறிவித்தது. அமைச்சர் நேரில் சென்றார். பணியில் இருக்கும்போது நேரும் மரணத்துக்கு அந்த மரியாதை உரியதே. ஆனால் 15, 17 ஆண்டுகள் பணியாற்றி, நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பி, அறுபதிலோ எழுபதிலோ மாரடைப்பால் இறக்கும் சிப்பாயின் வீட்டுக்கு அதிகாரிகள் எவரும் வருவதில்லை. இறப்பைத் தெரிவிக்க வேண்டியவரும், தாம்தான் மனைவி என்று நிரூபிக்க வேண்டியவரும் அந்தப் பெண்ணே.

உரிமை என்ன?

ஓய்வுக்குப் பின் எந்தக் காரணத்தால் இறந்தாலும் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதன் அளவு கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். தொடக்கத்தில் சில காலம் உயர்த்தப்பட்ட விகிதமாக 50 சதவீதம் கிடைக்கும். இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது இறந்தவர் உயிருடன் இருந்திருந்தால் 67 வயதை எட்டியிருக்கும் நாள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை அந்த விகிதம் நீடிக்கும்.

எடுத்துக்காட்டாக, கணக்கிடப்படும் ஊதியம் 40,000 ரூபாய் என்று கொள்வோம். வீரர் 62 வயதில் காலமானால் மனைவிக்கு 5 ஆண்டுகள் 20,000 ரூபாயும், பின்னர் 12,000 ரூபாயும் கிடைக்கும். அவர் 70 வயதில் காலமானால் முதல் மாதமே 12,000 ரூபாய்தான். அகவிலை நிவாரணம் தனி. 2016 ஜனவரி 1 முதல் குறைந்தபட்சத் தொகை 9,000 ரூபாய். கணவரின் தொகையே தமக்கும் வரும் என எண்ணியிருந்தவர்கள் 30 சதவீதத்தைக் கண்டு திகைப்பதுண்டு. வங்கி தவறு செய்துவிட்டது என்று கருதி அலைவோரும் உண்டு. பல வேளைகளில் அது தவறல்ல, விதி.

அமெரிக்காவில், ஓய்வுபெற்ற வீரரின் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு மனைவிக்குத் தொடர வேண்டுமெனில், அவர் அதற்கான திட்டத்தில் சேர்ந்து சந்தா செலுத்தியிருக்க வேண்டும். இந்தியாவில் அந்த நிபந்தனை இல்லை. காகிதத்தில் இந்திய விதி தாராளமானது என்றே சொல்ல வேண்டும். இங்கு சிக்கல் தகுதியில் அல்ல, அடையாளத்தில் எழுகிறது.

மூன்று ஊர்களில் ஒரு பெயர்

வீரரின் பணிப்பதிவு அவரது படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் பொறியாளர் பிரிவு என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். ஓய்வூதிய ஆணையை வழங்குவது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் முதன்மைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். ஆதார் அட்டையும் வங்கிக் கணக்கும் உள்ளூரில். இந்த மூன்று இடங்களிலும் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் வேலை விரைவாக முடியும்.

தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் அது எளிதல்ல. தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். தமிழ்க் குடும்பங்களில் தந்தையின் முதலெழுத்து வரும். திருமணத்துக்குப் பின் சிலரது ஆவணங்களில் கணவரின் பெயர் சேர்ந்துகொள்ளும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் முகாமில் இருந்த எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்று. ஆதார் மையத்தில் பதிவான பெயர் வேறொன்று. பிறந்த தேதியோ பலருக்கு உத்தேசமானதுதான். பழைய ஓய்வூதிய ஆணைகள் சிலவற்றில் மனைவியின் விவரமே இடம்பெற்றிருக்காது. அத்தகைய நிலையில் கோப்பு மீண்டும் ஆவண அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். கணவரின் படை எண் எது, டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கே என்பதையே அறியாத மனைவியர் இருக்கிறார்கள். அவற்றையெல்லாம் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர் அவர்தானே.

இணையவழி முறையான 'ஸ்பர்ஷ்' இந்த அலைச்சலைக் குறைப்பதற்காகவே கொண்டுவரப்பட்டது. வங்கிகளின் இடையீடு இன்றி ஓய்வூதியம் நேரடியாகக் கணக்கில் சேர்கிறது. இறப்பையும் அதிலேயே தெரிவிக்கலாம். தரவு சரியாக இருப்பவர்களுக்கு இது நல்ல மாற்றம். ஆனால் பழைய பிழைகளும் அப்படியே கணினிக்குள் குடியேறின. ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்று உறுதிப்படாததால், 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம் 58,275 பேருக்கு மாத இறுதியில் கிடைக்கவில்லை. பின்னர் பாதுகாப்பு அமைச்சகம் ஒருமுறை விலக்கு அளித்து அத்தொகையை வழங்கியது. அது சில நாள் தாமதம்தான். எழுத்துப் பிழையில் சிக்கிய ஒற்றைக் கோப்புக்கு அத்தகைய விலக்கை யாரும் அறிவிப்பதில்லை.

நிலுவைத் தொகை இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்து கணக்கிடப்படுவதால், பணம் இறுதியில் வந்து சேரும். இடைப்பட்ட மாதங்களின் வாடகைக்கும் மருந்துக்கும் கடன் வாங்கியவருக்கு இது அரை ஆறுதலே. கவனிக்க வேண்டிய மற்றொன்று: இறப்பைத் தெரிவிக்காமல் கணவரின் ஓய்வூதியத்தைத் தொடர்ந்து எடுத்தால், அந்தத் தொகை பின்னர் பிடித்தம் செய்யப்படும்.

நீதிமன்றங்கள் சொன்னவை

2023 மார்ச் 20 அன்று, 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின் நிலுவையைத் தவணைகளில் வழங்கும் கால அட்டவணையை உச்ச நீதிமன்றம் வகுத்தது. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, சுமார் 6 லட்சம் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் வீரதீர விருது பெற்றவர்களுக்கும் 2023 ஏப்ரல் 30-க்குள் ஒரே தவணையில் வழங்க உத்தரவிட்டது. 70 வயதைக் கடந்தவர்களுக்கான கெடு கூட ஜூன் 30 தான். கைம்பெண்களை வரிசையின் முன்னால் நிறுத்தியது அந்த உத்தரவு.

2024 டிசம்பரில் மற்றொரு வழக்கு. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் கடும் பனிச்சூழலில் ரோந்துப் பணியின்போது 2013 ஜனவரியில் உயிரிழந்த வீரரின் மனைவிக்கு, தாராளமயக் குடும்ப ஓய்வூதியம் வழங்குமாறு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2019-இல் ஆணையிட்டிருந்தது. மத்திய அரசு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, ஏ.ஜி.மாசி அமர்வு அதைத் தள்ளுபடி செய்ததுடன், அந்தப் பெண்ணுக்கு 50,000 ரூபாய் வழக்குச் செலவு வழங்கவும் உத்தரவிட்டது. கணவர் இறந்து அப்போது ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. பணியின்போது நேர்ந்த மரணத்துக்கே இத்தனை காலம் என்றால், பெயர்ப் பிழைக்காக வழக்காட வசதியில்லாத குடும்பங்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

கணவர் இருக்கும்போதே

இந்தக் காத்திருப்பின் பெரும்பகுதி, வீரர் உயிருடன் இருக்கும்போதே தவிர்க்கக்கூடியது. ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாருடன் பொருந்துகின்றனவா என்று பார்த்து, இல்லையெனில் திருத்தம் கோருவது அவர் கையொப்பத்துடன் எளிது. அவருக்குப் பின் கடினம். பிறந்த தேதி பதிவாவது மற்றொரு காரணத்துக்காகவும் முக்கியம். 80 வயதானதும் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 100 வயதில் அது இருமடங்காகும். தேதி ஆவணத்தில் இல்லாதவருக்கு அந்த உயர்வு தானாக வராது. ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றைக் கேட்டு வாங்கும் துறை, அதே நேரத்தில் மனைவியின் விவரத்தையும் சரிபார்த்துக் கொண்டால் செலவு அதிகமாகிவிடாது.

ஓய்வூதியத்துக்குத் தேவையான பணிக்காலத்தை நிறைவு செய்யாமல் வெளியேறியவர்களின் மனைவியருக்கு இந்த விதிகள் எவையும் பொருந்தா. 65 வயதைக் கடந்த அத்தகையோருக்கான வறுமை நிதியுதவி மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, 2025 நவம்பர் 1 முதல் பெறப்படும் விண்ணப்பங்களுக்கு நடைமுறைக்கு வந்துள்ளது. இதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மரணம் நேர்ந்த வீட்டில் முதலில் பெற வேண்டியது இறப்புச் சான்றிதழ். 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமோ கூடுதல் அனுமதியோ தேவையில்லை. அந்தச் சான்றிதழில் இறந்தவரின் பெயர் ஓய்வூதிய ஆணையில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று, அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.